கோயிலுக்குப் போனால் சுவரையும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். திருச்செந்தூரிலிருந்து தெற்கே, குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. அங்கே போகிறவர்கள் நேரே மணல்மேட்டில் ஏறி, 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயிலையும் சவேரியார் தங்கிய குகையையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊருக்குள் பரிசுத்த ஆவி ஆலயம், ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களைப் போலக் கோதிக் பாணியில் ஓங்கி நிற்கிறது. அதற்கும் அரைமணி நேரம் கொடுங்கள்.

கோதிக் என்றதும் மிரள வேண்டாம். ரேடியோவைக் கேட்டபடியே இரண்டு கைகளையும் கூப்புங்கள். உள்ளங்கைகளை விலக்கி, விரல் நுனிகள் மட்டும் தொடட்டும். அவ்வளவுதான் கோதிக்கின் கூர்முனை வளைவு. அரைவட்ட வளைவு பக்கச் சுவரை வெளியே தள்ளும். இதில் தள்ளல் குறைவு, பாரம் பெரும்பாலும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் சுவரை அத்தனை உயரம் தூக்கி, நெட்டை நெட்டையாக ஜன்னல் வைக்க முடிந்தது.

சரி, சுவருக்கு வருவோம். என்னை அழைத்தால் சுண்ணாம்பு பற்றிப் பேசாமல் விடமாட்டேன் என்பது நிலையத்தாருக்கும் தெரியும்! சிப்பியைச் சுட்டு நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்த சாந்துதான் நம் பக்கத்துப் பழைய கட்டடங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. கடற்கரையில் ஈரத்தோடு உப்பும் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு பூத்துச் செங்கல் பொடியும். கடலோர ஊர் ஒன்றில், பேர் வேண்டாம், ஒரு பழைய கோயில் சுவரை வயதான கொத்தனார் ஒருவர் நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தார். "பாத்தியளா, வாயப் பொத்திப் போட்டாவ. பொறவு செவரு எங்கன மூச்சு விடும்?" என்றார். உதிர்ந்த செங்கல்தூள் அவர் காலடியில் குவிந்து கிடந்தது. மறுபடியும் சொல்கிறேன், சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான். பழுது பார்க்கிற கமிட்டிக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் மனதில் வையுங்கள்.

அடடா, நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் எழுப்பியது, அதுவும் கோதிக்தான், கோபுரம் 192 அடி. மணப்பாட்டிலிருந்து தொலைவில்லை, அதே நாளில் பார்த்துவிடலாம். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டி மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் சுவர் கண்ணில் படாது. வணக்கம்.