வேலிக்கு உள்ளே ஒரு கணிப்பு

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னே பேசிக் கைத்தட்டல் முழுவதையும் வாரிக்கொண்டு போய்விட்ட பேராசிரியர் பெருமகனார் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்!

டொர்னேடோ, அதாவது மேகத்திலிருந்து தரைக்கு இறங்கிச் சுழன்றடிக்கும் காற்று, அது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: ரேடார், பலூன், அபாயச் சங்கு. வெள்ளம் வருமுன் அணை போடு என்றார்கள் முன்னோர். வருவது காற்றானால் எதைப் போடுவது?

1948 மார்ச் 20. அமெரிக்காவில் ஓக்லஹோமா, டிங்கர் விமானப்படைத் தளம். இரவில் டொர்னேடோ புகுந்து விமானங்களைப் புரட்டிப் போட்டது. நட்டம் சுமார் 1 கோடி டாலர். தளபதி சும்மா இருப்பாரா? ஃபாபுஷ், மில்லர் என்ற இரு வானிலை அதிகாரிகளை விரட்டினார். அவர்கள் பழைய வானிலை வரைபடங்களைக் குடைந்தார்கள். தரையருகே ஈரக்காற்று, மேலே வேறு திசையில் வேகக்காற்று, இவை எப்படிக் கூடினால் டொர்னேடோ கிளம்பும் என்று தேடினார்கள். 25ஆம் தேதி வரைபடம் வருகிறது. பார்த்தால், 20ஆம் தேதி வரைபடத்தின் அச்சு! கணிப்பு வெளியிடுகிறீர்களா என்கிறார் தளபதி. ஒரே இடத்தில் ஐந்து நாளில் இரண்டு முறையா? வராவிட்டால் மானம் போகுமே! தயங்கித் தயங்கி வெளியிட்டார்கள். விமானங்களைப் பத்திரப்படுத்தினார்கள். மில்லர் நொந்துபோய் வீட்டுக்கே கிளம்பிவிட்டார். மாலை ஆறு மணி வாக்கில், வந்ததய்யா, அதே தளத்துக்கு! (பலத்த கைத்தட்டல்)

கைத்தட்டலை நிறுத்துங்கள். அந்தக் கணிப்பு யாருக்கு? வேலிக்குள் இருந்த ராணுவத்துக்கு. வேலிக்கு வெளியே வயலில் நின்றவனுக்கு? மக்கள் பீதியடைவார்கள் என்று டொர்னேடோ என்ற சொல்லையே தவிர்த்துவந்தது அரசு வானிலைத் துறை. பொதுமக்களுக்கான கணிப்பு 1952இல்தான் வந்தது. வெள்ளம் வருமுன் அணை போடு என்றால், என் வாசலுக்கு மட்டும் போடு என்றா பொருள்?

ரேடாருக்கு வருகிறேன். 1973இல் அதே ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டியில், சுழல் தரையைத் தொடுமுன்பே மேகத்துக்குள் அது சுழல்வதை, காற்றின் வேகத்தையும் அளக்கும் டாப்ளர் ரேடார் பிடித்தது. இன்று அந்நாட்டில் சுமார் 160 ரேடார்கள். தரவு எவருக்கும் இலவசம். அப்படியும் எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் நடுவே கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடம் போல. பத்து எச்சரிக்கைகளில் ஏறக்குறைய ஏழு பொய்க்கின்றன. இதைச் சரிசெய்யப் பல கண்கள் பார்க்க வேண்டாமா? 1989இல் வங்கதேசத்தில் ஒரே டொர்னேடோவுக்குச் சுமார் 1,300 பேர் பலியானார்கள். ரேடார் தரவைப் பூட்டிவைக்கும் நாடுகள் இன்னும் இருக்கின்றனவே! வெள்ளம் வருமுன் அணை போடு. அணை கட்டும் கல்லைப் பூட்டி வைக்காதே!

பலூனும் சங்கும் பாக்கி. தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். மூல ரேடார் தரவு முழுவதையும் பொதுவில் வெளியிடக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.