ஜப்பான் ஜீன்ஸில் அப்படி என்ன இருக்கிறது?

(திரையில்: கால்பக்கம் மடித்துவிட்ட ஒரு ஜீன்ஸ். மடிப்பில், வெளித்தையலை ஒட்டி ஒரு சிவப்பு நூல்.)

வணக்கம். இந்தச் சிவப்பு நூலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் பைத்தியங்கள் காலை மடித்துவிட்டுக்கொண்டு நடப்பது பெரும்பாலும் இதைக் காட்டத்தான்.

வேட்டிக்குக் கரை இருக்கிறதல்லவா, அதுபோல இது ஜீன்ஸ் துணியான டெனிமின் கரை. குறுக்கு நூலைச் சுமந்து நாடா ஓடும் பழைய தறியில், அந்தக் குறுக்கு நூல், அதாவது ஊடை, அறுபடாமல் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் போய்த் திரும்பும். அதனால் ஓரம் பிரியாது. செல்வெட்ஜ் என்பது இதைத்தான். நாடா இல்லாத புதுத் தறிகளில் ஒவ்வொரு ஊடையும் தனித்தனியாக வெட்டுப்படும். ஓரத்தில் பிசிறு நிற்கும். ஆனால் கரை இருக்கிறது என்பதற்காக மட்டும் துணி நல்லதாகிவிடாது. விஷயம் நூலிலும் சாயத்திலும் இருக்கிறது.

(திரையில்: ஜப்பான் வரைபடம். ஒகயாமா மாகாணம்.)

ஜப்பான் ஜீன்ஸின் கதை இங்கே தொடங்குகிறது. குராஷிக்கி நகரத்தின் கொஜிமா பகுதி ஒரு காலத்தில் தீவு. கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். உப்பேறிய மண்ணில் நெல் சரியாக வராது, பருத்தி தாங்கும். பருத்தி வந்ததும் நெசவு, தட்டைக் கயிறு, தபி என்ற துணிக் காலுறை, கடைசியில் பள்ளிச் சீருடை. தடித்த துணியைத் தைக்கும் கை அந்த ஊருக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. 1965இல் அங்கிருந்த மருவோ என்ற சீருடை நிறுவனம் அமெரிக்க டெனிமை வரவழைத்து ஜீன்ஸ் தைத்தது. பின்னாளில் பிக் ஜான் என்று பெயர் வாங்கியது அதுதான். துணியையும் உள்நாட்டிலேயே நெய்ய இன்னும் சில வருடங்கள் ஆயின. 1973இல் குராபோ ஆலையின் கேடி-8 டெனிம் வந்தது.

சரி, சாயத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது.

டெனிமில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் மட்டும்தான் நீலம், ஊடை வெள்ளை. பாவு மூன்று ஊடைகளின் மேலே போய் ஒன்றின் கீழே நுழையும். வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளிறியும் இருப்பது இதனால்தான்.

அந்த நீலம் இண்டிகோ. நம் ஊரில் அவுரிச் செடியிலிருந்து எடுத்த அதே சாயப்பொருள். இப்போது பெரும்பாலும் ரசாயன ஆலையில் தயாராகிறது. இண்டிகோ தண்ணீரில் கரையாது. அதன் வேதி வடிவத்தை மாற்றும் ரசாயனம் சேர்த்தால் கரையும், அப்போது தொட்டியே மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும். நூலை முக்கி வெளியே தூக்கியதும் காற்றுப் பட்டுக் கண்ணெதிரே நீலமாக மாறும்.

(திரையில்: தொட்டியிலிருந்து மேலே ஏறும் நூல் கயிறுகள்.)

நூற்றுக்கணக்கான பாவு நூல்களைக் கயிறாகத் திரட்டி, முக்கி, காற்றில் உலாத்தி, மறுபடி முக்குவார்கள். ஒவ்வொரு முக்கலும் கொஞ்ச நேரம்தான். சாயம் நூலின் மேற்புறத்தோடு நின்றுவிடும், நடு வெள்ளையாகவே இருக்கும். 1893 முதல் ஹிரோஷிமா மாகாணத்தில் கசுரி என்ற நீலத் துணி நெய்துவந்த கைஹாரா குடும்ப நிறுவனம், 1970இல் ஜப்பானிலேயே இந்தக் கயிற்றுச் சாய இயந்திரத்தை உருவாக்கியது.

சாயம் உள்ளே போகாததுதான் இங்கே லாபம். உடுத்த உடுத்த மேல் நீலம் தேய்ந்து உள் வெள்ளை தெரியும். தொடை மடிப்பில் விழும் கோடுகளுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ஹிகே, அதாவது மீசை தாடி. முழங்காலின் பின்பக்கம் விழுவது ஹச்சினோசு, தேன்கூடு. நூல் சீராக இல்லாமல் இடையிடையே தடித்திருந்தால், தடித்த இடங்கள் முதலில் வெளுத்து நெடுங்கோடுகளாக நிற்கும், அது ததேஓச்சி.

அப்புறம் தறி. அமெரிக்கா கழித்துப்போட்ட தறிகளைத்தான் ஜப்பானியர் வாங்கி ஓட்டுகிறார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்பாதீர்கள். அங்கே ஓடுவதில் பெரும்பாலானவை டொயோடா தறிகள். ஆமாம், கார் கம்பெனியின் மூதாதை. சகிச்சி டொயோடாவின் ஜி வகைத் தானியங்கித் தறி 1924இல் வந்தது. கார் நிறுவனம் பிறந்தது 1937இல். இந்த நாடாத் தறிகள் மெதுவாக ஓடும், அதிரும். பாவு நூலை விறைப்பாக இழுக்காததால் துணியில் லேசான மேடுபள்ளம் விழும். அகலமும் 80 சென்டிமீட்டர் அளவுதான். ஒரு ஜீன்ஸுக்குத் துணி நீளமாக வேண்டும், விலை ஏறும்.

1979இல் ஒசாகாவில் தொடங்கிய ஸ்டூடியோ டி ஆர்டிசன் என்ற நிறுவனம் பழைய அமெரிக்க ஜீன்ஸை மாதிரியாக வைத்துத் தைத்தது. லீவைஸின் முத்திரையில் இரண்டு குதிரைகள் ஜீன்ஸை இழுக்கும். இவர்கள் குறும்பாக இரண்டு பன்றிகளை இழுக்கவிட்டார்கள். எவிசு, ஃபுல்கவுண்ட், வேர்ஹவுஸ் எல்லாம் அடுத்து வந்தவை. சதுர கஜத்துக்கு 25 அவுன்ஸ் எடையுள்ள டெனிம்கூட இப்போது கிடைக்கிறது. என்னைக் கேட்டால் அது உடை அல்ல, பந்தயம். 14 அவுன்ஸ் போதும்.

வாங்குவதாக இருந்தால் ஒன்று: சான்ஃபரைஸ் செய்யாத, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்காத துணியா என்று கேளுங்கள். அப்படியானால் முதல் நனைப்பில் பத்து சதவீதம்வரை சுருங்கலாம். முதலில் நனைத்துக் காயவைத்து, அதற்குப் பிறகு கால் நீளத்தை வெட்டித் தையுங்கள். அவசரப்பட்டு முதலிலேயே வெட்டினால், மடித்துக் காட்ட அந்தச் சிவப்புக் கரைக்கு நீளம் மிஞ்சாது.