பட்டாளத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு

(திரையில்: ஆறு முனை நட்சத்திரப் பதக்கம், நிறம் மங்கிய ரிப்பன்)

வணக்கம். உசிலம்பட்டி, மேலூர், பேரையூர்ப் பக்கம் ஊருக்குள்ள போனா, "அதுதான் பட்டாளத்தார் வீடு"ன்னு ஒரு வீட்டைக் காட்டுவாங்க. அவர் எந்தப் படையில இருந்தார், எங்க சண்டை போட்டார்னு கேட்டா, பேரப்பிள்ளைகளுக்குத் தெரிஞ்சது "பர்மா"ங்கிற ஒரு சொல்லுதான். ரெண்டாம் உலகப் போர்ல இந்தியப் படையில 25 லட்சம் பேர் இருந்தாங்க. அதுல உங்க பாட்டனைத் தேடணும்னா பேரை நம்பாதீங்க, நம்பரைத் தேடுங்க.

பட்டாளத்துல மாயாண்டியும் கருப்பனும் எத்தனையோ பேர். கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ, இங்கிலீஷ்ல அப்படி எழுதிட்டார். படை எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்தாத்தான் ஆள் யாருன்னு உறுதியாகும்.

(திரையில்: பதக்கத்தின் விளிம்பு, நெருக்கமாக)

மொதல்ல ட்ரங்குப் பெட்டியைத் திறங்க. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சது. வட்டமான முதல் உலகப் போர்ப் பதக்கம் இருந்தா, விளிம்பைச் சுத்திப் பாருங்க: நம்பர், பதவி, பேரு, படைப்பிரிவு பொடி எழுத்துல இருக்கும். தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்து போயிடும். ரெண்டாம் போரோட ஆறு முனை நட்சத்திரம்னா பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார்னு அதுலயே பொறிச்சிருக்கும். வீட்டுல எல்லாரும் பர்மான்னு சொல்லிட்டு இருப்பாங்க, பெட்டியில கிடக்கிறது இத்தாலி ஸ்டாரா இருக்கும்.

அடுத்தது அப்பத்தா. எந்த வருஷம் பட்டாளத்துல சேர்ந்தார், ட்ரெயினிங் எந்த ஊர்லன்னு பொறுமையாக் கேளுங்க. பெங்களூருன்னு சொன்னாங்கன்னா மெட்ராஸ் சேப்பர்ஸா இருக்கலாம். பாலம் கட்டுறது, கண்ணிவெடி எடுக்கிறது அவங்க வேலை. சேர்ந்த வருஷமும் துப்புதான். தெற்கத்தி ஆளுங்க போருக்கு லாயக்கில்லைன்னு வெள்ளைக்காரன் ஒரு கணக்குப் போட்டு, 1920-கள்ல மெட்ராஸ் காலாட்படையைக் கலைச்சுட்டான். ஆள் தேவைப்பட்டப்ப, 1941-லதான் மெட்ராஸ் ரெஜிமெண்டைத் திரும்ப எழுப்பினான். அதனால 1935-ல சேர்ந்தவர்னா சேப்பர்ஸ் பக்கம் மொதல்ல பாருங்க.

போர்ல இறந்தவர்னா, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல இலவசமாத் தேடலாம். அதுல மாவட்டத்தோட பேரு "மதுரா". அன்னைக்குத் தேனிப் பக்கமும் திண்டுக்கல்லும் மதுரா ஜில்லாதான். அருப்புக்கோட்டை, சிவகங்கை 1910-லயே ராம்நாடு ஜில்லாவுக்குப் போயிடுச்சு.

முதல் உலகப் போர்ல மெசபடோமியாவுல, அதாவது இன்னைய ஈராக்ல, இறந்தவங்களுக்காக பஸ்ராவுல ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. அதுல இந்திய அதிகாரிகளோட பேரை மட்டும் பொறிச்சுட்டு, சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையா விட்டுட்டாங்க. நூறு வருஷம் கழிச்சுப் படிக்கிறப்பவும் மனசு கொதிக்குது. ஆனா கல்லுல பேரு இல்லைன்னு தேடலை விட்டுடாதீங்க, ஆணையத்தோட பதிவேடுகளையும் பாருங்க.

(திரையில்: மதுரை மாவட்ட வரைபடம்)

உயிரோட திரும்பினவரைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். போர் முடிஞ்சதும் ஆயிரக்கணக்கானவங்களை பென்ஷன் இல்லாம வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்படி வந்தவங்களுக்கும் அவங்க மனைவிமாருக்கும் தமிழ்நாடு அரசு மாசாமாசம் நிதியுதவி கொடுக்குது. தாத்தாவோ பாட்டியோ அதை வாங்கியிருந்தா, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல மனு கொடுத்திருப்பாங்க. நம்பர் அந்த மனுவுல இருக்க வாய்ப்பு அதிகம். பேரன் பேத்தி நேர்ல போய்க் கேக்கலாம்.

நம்பர் கிடைச்சதும் அந்தப் படையோட ரெக்கார்ட் ஆபீசுக்கு, அதாவது ஆவணங்களை வச்சிருக்கிற அலுவலகத்துக்கு, எழுதுங்க. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில இருக்கிற வெலிங்டன், சேப்பர்ஸுக்கு பெங்களூரு. தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோட மனு போட்டா 30 நாளுக்குள்ள பதில் தரணும். ஒண்ணு கவனிங்க: பென்ஷன் வாங்காதவரோட கோப்பை 25 வருஷத்துக்கு அப்புறம் அழிச்சிடுறது வழக்கம். "கோப்பு இல்லை"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. அதனால மனுவுலயே "லாங் ரோல் பதிவேட்டில் உள்ள விவரங்களைத் தரவும்"னு சேர்த்து எழுதுங்க. லாங் ரோல்ங்கிறது பட்டாளத்துல சேர்ந்தவங்களை வரிசையா எழுதி வச்ச பதிவேடு; கோப்பு போனாலும் அதுல விவரம் இருக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கு. 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்தப்ப பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பான்காரன்கிட்ட கைதியானாங்க. அதுல நிறையப் பேர் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துக்கு (ஐ.என்.ஏ.) போனாங்க. திரும்பி வந்தப்ப அவங்கள்ல பலருக்கு வேலையும் போச்சு, சம்பளமும் போச்சு. உங்க தாத்தா அந்த வழியில போனவர்னா, ராணுவத்துக்கு எழுதுறதோட நிக்காம மதுரை கலெக்டர் ஆபீஸ்ல தியாகி பென்ஷன் கோப்பைக் கேளுங்க. அந்தப் பென்ஷனுக்கு, கூட இருந்த கைதிகள்கிட்ட சான்று வாங்கிக் கொடுக்கிற வழக்கம் இருந்துச்சு. அதுல கையெழுத்துப் போட்டவரோட பேரும் ஊரும் இருக்கும். அந்த ஊருக்குப் போய், அவர் பேரப்பிள்ளைகளையும் கேளுங்க. உங்க தாத்தா கதையில பாதி அவங்க வீட்டுல இருக்கலாம்.