இயற்பியல் ஆசிரியருக்கு மட்டும் கூடுதல் பணம் ஏன்?

(திரையில்: கரும்பலகையில் ஒரு மின்சுற்றுப் படம்)

"தொடர் இணைப்பில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பது ஏன்?" என்று ஒரு மாணவி கேட்கிறாள். வகுப்பில் நிற்பவர் உயிரியல் படித்தவர். நேற்று இரவுதான் பாடத்தைப் புரட்டியிருக்கிறார். "விதி அப்படித்தான்மா, எழுதிக்கோ" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆசிரியர் பற்றாக்குறை பெரும்பாலும் காலி நாற்காலியாகக் கண்ணில் படுவதில்லை; இப்படித்தான் ஒளிந்திருக்கிறது.

இயற்பியல், கணினி படித்தவர்களை மென்பொருள் நிறுவனமும் கூப்பிடுகிறது, வங்கியும் கூப்பிடுகிறது. பள்ளிச் சம்பளமோ பெரும்பாலும் எல்லாப் பாடத்துக்கும் ஒன்றுதான். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் அரசுகள் ஊக்கத்தொகை தருகின்றன.

(திரையில்: 29,000 பவுண்டு)

இங்கிலாந்தில் 2025-26இல் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி ஆசிரியர் பயிற்சியில் சேர்பவருக்கு 29,000 பவுண்டு உதவித்தொகை. வரி கிடையாது, திருப்பிக் கட்டவும் வேண்டாம். பெரிய தொகைதான். ஆனால் பயிற்சி முடித்தவர் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே 'டீச் கிராண்ட்' என்ற திட்டத்தில் படிக்கும்போதே ஆண்டுக்கு 4,000 டாலர் வரை தருகிறார்கள். பதிலுக்கு, படிப்பை முடித்த 8 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டுகள், ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியில், பற்றாக்குறைப் பாடம் நடத்த வேண்டும். தவறினால் மானியம் கடனாகிவிடும். வட்டியோ பணம் வாங்கிய நாளிலிருந்தே கணக்கு.

சரி, நியாயம்தானே என்று தோன்றும். நடந்ததைக் கேளுங்கள். ஆண்டுதோறும் ஒரு சான்றுப் படிவம் அனுப்ப வேண்டும். அது தாமதமானாலோ, ஒரு கையெழுத்து விட்டுப்போனாலோ, ஒழுங்காக வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள் தலையிலும் கடன் விழுந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்களுக்கு இப்படி ஒரு தண்டனை! 2018இல் இது பெரிய செய்தியான பிறகுதான் அரசு அந்தக் கடன்களை மீண்டும் மானியமாக மாற்றத் தொடங்கியது. 2021இல் விதியும் மாறியது. படிவம் தவறியதற்காக மட்டும் இப்போது கடனாவதில்லை.

(திரையில்: அதே வகுப்பு, அடுத்த கல்வியாண்டு)

அப்புறம், உள்ளே வந்தவர் நிற்க வேண்டுமே. என்னைக் கேட்டால், பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2001இல் ஏழைப் பகுதிப் பள்ளிகளின் கணித, அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 1,800 டாலர் கூடுதலாகக் கொடுத்தது. வேலையை விட்டுப் போவோர் விகிதம் சுமார் 17 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவ்வளவு சிறிய தொகைக்கே அந்தப் பலன்! ஆனால் 2004இல் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

இங்கிலாந்து இப்போது இரண்டையும் செய்கிறது: பின்தங்கிய பள்ளிகளில் இந்த நான்கு பாடங்களை நடத்துவோருக்கு முதல் 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 6,000 பவுண்டு வரை தனியாகத் தருகிறது.

இப்படி ஒரு திட்டத்தில் சேரப் போகிறீர்கள் என்றால், தொகையைப் பார்ப்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். எத்தனை ஆண்டு பணி? எந்தப் பள்ளிகள் கணக்கில் வரும்? இடையில் மகப்பேறோ நோயோ வந்தால் என்ன ஆகும்? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.