கணக்கை மைக்கில் வாசியுங்கள்

மதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்திருக்கும் ஊராட்சித் தலைவி அவர்களே, பள்ளி அரங்கை மனமுவந்து தந்த தலைமையாசிரியை அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய வழக்கறிஞர் ஐயா தகவல் உரிமைச் சட்டத்தை அழகாக விளக்கிவிட்டார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

‘ஆதாரத்தோடு பேசுவது எப்படி’ என்பது தலைப்பு. ஆதாரம் திரட்டுவது, அதை வைத்து வாதிடுவது, எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்வது என்று மூன்று பகுதி. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அதனால் நடந்த கதைக்கே போகிறேன்.

ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்து மக்களோடு சேர்ந்து 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். அரசுப் பணியில் மண் சுமந்தவர்களுக்குச் சட்டப்படியான கூலி வரவில்லை. கேட்டால், ‘நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் இருக்கிறது’ என்பார்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது ரகசியம்!

சரி, எப்படியோ சில நகல்கள் கைக்கு வந்தன. 1994 டிசம்பரில் கோட்கிராணா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, அவற்றை மைக்கில் வாசித்தார்கள். அப்புறம் ஊர் ஊராக இதே வேலைதான். இன்னார், இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி என்று படிப்பார்கள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ‘நான் அந்த வேலைக்கே போகவில்லையே’ என்பார். அடுத்த பெயரைப் படித்தால், ‘ஐயோ, அவர் செத்துப் போயாச்சே!’ என்று குரல் வரும். கட்டி முடித்ததாகப் பில் போட்ட கட்டடம் அரைகுறையாக நிற்கும். அத்தனையும் ஏட்டுச் சுரைக்காய்! அங்கே யாரும் அடுக்குமொழி பேசவில்லை, தாய்மார்களே. கேட்க வந்தவர்களே சாட்சிகள்; சாட்சியை யார் போய் நம்பவைக்க வேண்டும்?

‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்று கேட்டவர்கள் 1996-இல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அந்தக் கோரிக்கை நாடெங்கும் பரவித்தான் 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அதில் வரவு செலவை மொத்தத் தொகையாகச் சொல்லி முடிக்கக் கூடாது. எந்தத் தெருவில் எந்த வேலை, எவ்வளவு செலவு என்று வரிவரியாக மைக்கில் வாசிக்க வேண்டும். தலைவி அவர்கள் இதைத் தொடங்கிவைத்தால் ஊரே அவர் பக்கம் நிற்கும். கணக்கின் நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அக்டோபர் 2 சபைக்கு முன்னால் நகல் கையில் இருக்க வேண்டும். வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம், பெயர் எழுதிவிட்டுப் போங்கள். மனு எழுத நான் கூடவே உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.