ஒத்தையா, ரெட்டையா?

(மும்பை தாராவியில் மாலை வகுப்புப் பெற்றோர்கள், தன்னார்வலர்கள் கூட்டத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம். கைக்குள் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்டு விளையாடாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஆச்சிகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். கணினி தனக்குள் நேர்ந்த பிழையைத் தானே எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் இன்றைக்கு நான் பேசப்போகிற பாடம். அது முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதல் வகுப்புக்குச் சீட்டுக்கட்டோடு வந்தேன். ஓர் ஆச்சி வாசலிலேயே மறித்தார். "பிள்ளைங்க கையில சீட்டா? நல்லாயிருக்கு தம்பி உங்க படிப்பு." சரி என்று சீட்டுக்கட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பழைய அட்டைப்பெட்டியை வெட்டி 36 வில்லைகள் செய்தோம். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெறும் அட்டை. வெட்டியதும் சாயம் தடவியதும் பிள்ளைகள்தான். ஆச்சி மறித்தது நல்லதாகவே போயிற்று.

வித்தை இதுதான். ஒரு பிள்ளை ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து என்று இஷ்டப்படி அடுக்குவாள். "இது ரொம்பச் சுலபம், கொஞ்சம் கஷ்டமாக்குகிறேன்" என்று சொல்லி, நான் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பத்தியும் அடியில் ஒரு வரிசையும் சேர்ப்பேன். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். யாராவது ஒரே ஒரு வில்லையைப் புரட்டிப் போட வேண்டும். நான் திரும்பி வந்து அதைச் சரியாகத் தொட்டுக் காட்டுவேன்.

கஷ்டமாக்குகிறேன் என்றது பச்சைப் பொய். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு பத்தியிலும் சிவப்பு ரெட்டைப்படையாக வரும்படி பார்த்துத்தான் நான் வில்லைகளைச் சேர்த்தேன். ஒன்றைப் புரட்டினால் ஒரு வரிசையும் ஒரு பத்தியும் ஒத்தையாகிவிடும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் திருடன் இருப்பான். இது என் சரக்கு இல்லை. கணினியே இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்க டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகியோர் வளர்த்த பாடங்களில் ஒன்று.

ரகசியத்தை உடனே உடைத்துவிடாதீர்கள் என்பது என் கட்சி. பிள்ளைகள் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். கண்டுபிடித்த பிறகு, வித்தையையே பார்க்காத தம்பி ஒருவன் செய்யும்படி அதை எழுதச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் முதலில் வந்தது, "சிவப்பை எண்ணிச் சரி பண்ணு". தம்பி கேட்டான்: "எதைச் சரி பண்ணணும்?" திருத்தினார்கள். சிவப்பே இல்லாத வரிசை வந்தது. சுழி ஒத்தையா ரெட்டையா என்று ஒரு பெரிய சண்டை. நிரல் எழுதிப் பிழைக்கிற நாங்கள் அலுவலகத்தில் போடுவதும் ஏறக்குறைய இதே சண்டைதான்.

அப்புறம் ஒருநாள் ஒரு வாலு, நான் திரும்பியிருந்தபோது ஒரே வரிசையில் இரண்டைப் புரட்டிவிட்டான். வரிசைகள் எல்லாம் ரெட்டை. இரண்டு பத்திகள் மட்டும் ஒத்தை. தப்பு நடந்திருக்கிறது என்று தெரிகிறது, எந்த வரிசையில் என்று தெரியவில்லை. திருதிருவென்று முழித்தேன். வகுப்பே சிரித்தது. எனக்குத் தெரிந்து எங்கள் வகுப்பின் மிக நல்ல நாள் அது. தப்பு இருப்பதை அறிவது வேறு, இடத்தை அறிந்து திருத்துவது வேறு என்பதை நான் சொல்லாமலே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங்கும் இதே இடத்தில்தான் எரிச்சலானார். வார இறுதியில் அவர் ஓட விட்டுப் போன கணக்கை, பிழை கண்டதும் இயந்திரம் அப்படியே கைவிட்டுவிடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கிற இயந்திரத்துக்கு அது எங்கே என்று ஏன் தெரியக்கூடாது என்று யோசித்தார். அதற்கான வழியை 1950இல் கட்டுரையாக வெளியிட்டார்.

வீட்டிலும் செய்து பார்க்கலாம். புத்தகத்தின் பின்னட்டையில் 978 என்று தொடங்கும் 13 இலக்கங்கள் இருக்கும். அவற்றை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் சுழியாக வர வேண்டும். ஓர் இலக்கம் தப்பாக இருந்தாலும் சுழி வராது. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 1உம் 6உம் இடம் மாறினால் இந்தக் கணக்கு ஏமாந்துவிடும். ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

வில்லைகளை அந்த மேசையில் வைத்திருக்கிறேன். ஆச்சி, வாங்க. நீங்களே முதலில் அடுக்குங்க, நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன்.