பந்து ஏன் தூரமா போகல? நியூமேட்டிக் லாஞ்சர் சந்தேகம்

அடுத்த கேள்வி, ரோபாட்டிக்ஸ் போட்டிக்கு காத்தழுத்தத்துல பந்த வீசுற லாஞ்சர் பண்ற ஒரு தம்பி கேட்டிருக்காரு. 40 எம்எம் போர் (உள் விட்டம்), 20 சென்டிமீட்டர் ஸ்ட்ரோக் (ராடு, அதாவது தள்ளுற கம்பி, நகர்ற தூரம்) உள்ள சிலிண்டர், 4 பார் பிரஷர், கணக்குப்படி பந்து 6 மீட்டர் போகணும், ஆனா 2 மீட்டர்லயே விழுந்துடுது, முதல் ஷாட்டாவது பரவால்ல, மூணாவது ரொம்ப மோசம், பெரிய சிலிண்டர் வாங்கட்டுமாண்ணான்னு.

வாங்காதீங்க தம்பி. காத்த திறந்து விடுற இதே வால்வுல பெரிய சிலிண்டரா மாட்டினா இன்னும் மந்தமாத்தான் போகும்.

உங்க ஃபோர்ஸ் கணக்குல தப்பு இல்ல. 4 பார்ல அந்த சிலிண்டர் 500 நியூட்டன் தள்ளும், 50 கிலோ மூட்டைய தூக்குற பலம், ஒரு பந்துக்கு தாராளம். ஆனா அது ராடு அசையாம நிக்கும்போது உள்ள கணக்கு. அது நகர நகர பின்னாடி இடம் பெருசாகுது, அந்த இடத்த ரொப்ப காத்து வரணும்ல? உங்க சிலிண்டருக்குள்ள கால் லிட்டர் இடம், 4 பார்ல ரொப்பணும்னா வெளிக்காத்து கணக்குல ஒன்னேகால் லிட்டர், அத 0.05 செகண்டுல உள்ள விடணும்னா நிமிஷத்துக்கு 1500 லிட்டர் ஃப்ளோ. உங்க வால்வோட டேட்டாஷீட்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க, கரண்ட்ல திறந்து மூடுற சின்ன சோலினாய்டு வால்வு நிறைய இதுல பாதி கூட விடாது.

அதவிட எல்லாரும் கோட்டை விடுற இடம் சிலிண்டருக்குள்ள பிஸ்டனுக்கு முன்பக்கம். ராடு உள்ள இருக்கும்போது முன்பக்கம் முழுக்க 4 பார் காத்து உக்காந்திருக்கு, ஃபயர் பண்ணதும் அது வெளிய ஓடணும், நீங்க சத்தம் வேணாம்னு எக்ஸாஸ்ட்ல, அதாவது காத்து வெளியேறுற வழில, சைலன்சர் மாட்டியிருந்தா அது வேற முட்டுக்கட்டை. முதல்ல சிலிண்டர் வாய்லயே ஒரு குவிக் எக்ஸாஸ்ட் வால்வு, அதாவது காத்த அங்கயே டக்குனு வெளிய விடுற வால்வு போடுங்க, டியூப நல்லா குட்டையாக்குங்க. இன்னும் நல்ல வழி, ராட ஒரு லாட்ச்ல பிடிச்சு வச்சுட்டு, முன்பக்கத்த காலி பண்ணி, பின்பக்கம் முழுசா ஏறினதும் லாட்ச விடுறது. ஆனா அப்ப 50 கிலோ பலம் ஒரு கொக்கில தொங்குது, ஞாபகம் வச்சுக்கங்க, யாரும் முன்னாடி நிக்கக்கூடாது, கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போடாம கிட்டயே போகாதீங்க.

மூணாவது ஷாட்டுக்கு காரணம் டேங்க்குதான், கம்ப்ரசர் ஏத்துறதுக்குள்ள அடுத்தத அடிக்கிறீங்க. பிரஷர குறைச்சு ஒரே அளவா வைக்கிற ரெகுலேட்டருக்கு அப்புறம், வால்வு பக்கத்துல ஒரு குட்டி டேங்க் வைங்க, பிரஷர் வரலன்னா ஃபயர் ஆகாத மாதிரி புரோகிராம்லயே தடுத்துடுங்க. பிரஷர ஏத்தி சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன்னு ஸ்கூல் பசங்களுக்கான ரோபோ போட்டி இருக்கு, அது மாதிரி இடத்துல அதிகபட்சம் டேங்க்ல 120 பிஎஸ்ஐ (பிரஷருக்கு இன்னொரு அளவு), வேலை செய்ற பக்கம் 60 பிஎஸ்ஐதான், அதாவது உங்க 4 பார்தான்.

டெஸ்டிங்க பொறுத்தவரைக்கும், ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்துங்க, ஒவ்வொன்னுக்கும் 10 ஷாட், ஒரே பந்து. ஃபோன் ஸ்லோமோஷன்ல 240 ஃபிரேம்ல எடுத்தா ஒரு ஃபிரேம் 4 மில்லிசெகண்ட் சொச்சம், பக்கத்துல ஸ்கேல் வச்சா ராடு வேகம் அப்படியே தெரிஞ்சுடும். பந்து இல்லாம சும்மா அடிச்சு பாக்காதீங்க, பிஸ்டன் போய் மூடில இடிச்சு சிலிண்டர் செத்துரும், நானே ஒன்ன அப்படித்தான் காலி பண்ணேன். அப்புறம் டேங்க்குக்கு தண்ணி பைப், அதான் பிவிசி, அத மட்டும் தொடாதீங்க, காத்தழுத்தத்துல உடைஞ்சா சில்லு சில்லா தெறிக்கும்.